நியூட்ரான் விண்மீன் சீற்றத்துக்கு ஒளியிணை தேட: மொட்டை மாடியா, ஜவ்வாது மலையா, வாடகைத் தொலைநோக்கியா?

சென்னையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையோ நாலைந்து ஆர்வலர்கள் சேர்ந்த குழுவோ எக்ஸ்-கதிர் இரட்டை விண்மீன்களை (நியூட்ரான் விண்மீன் போன்ற மிக அடர்ந்த பொருள், துணை விண்மீனிலிருந்து பொருளை இழுத்து எக்ஸ்-கதிர் உமிழும் இணைகளை) பின்தொடர முடிவு செய்தால், பேச்சு உடனே "எத்தனை இன்ச் வாங்கலாம்?" என்பதில் போய் நிற்கும். அதைக் கடைசியில் கேட்டால் போதும். திடீரென்று எக்ஸ்-கதிரில் சீறி எழும் ஒரு மூலத்துக்கு ஒளியிணை, அதாவது அதே இடத்தில் சாதாரண ஒளியில் தெரியும் விண்மீன், கிடைக்குமா கிடைக்காதா என்பதை முதலில் முடிவு செய்பவை மூன்று எண்கள்: பிழை வட்டத்தின் (மூலம் இதற்குள் எங்கோ இருக்கிறது என்று எக்ஸ்-கதிர்க் கருவி காட்டும் பகுதியின்) ஆரம், இடையில் உள்ள தூசி, டெக்ளினேஷன் (வானநடுவரைக்கு வடக்கே அல்லது தெற்கே எத்தனை டிகிரி என்பது). நான்காவதாக நாள்காட்டி. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த நான்காவதுதான் கண்ணாடியின் விட்டத்தைவிடப் பெரிய விஷயம்.

எந்த வகை என்பது முதலில்

நியூட்ரான் விண்மீனின் துணை குறைந்த நிறையுள்ளதாக இருந்தால், சீற்றத்தின்போது நாம் பார்க்கும் ஒளி துணையிலிருந்து வருவதில்லை. துணையிலிருந்து வரும் வாயு நியூட்ரான் விண்மீனைச் சுற்றித் திரள் வட்டாகச் சுழல்கிறது; எக்ஸ்-கதிர் அந்த வட்டைச் சுடவைக்க, வட்டு நீலமாக ஒளிர்கிறது. அமைதி நிலையில் கண்ணுக்கே எட்டாத இடத்தில் புது விண்மீன் முளைத்ததுபோல் இருக்கும். அக்விலா எக்ஸ்-1 அமைதியில் வி பட்டையில் (மஞ்சள்-பச்சை ஒளியில்) 21.6 மேக்னிட்யூட் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் அளவு). சராசரியாக ஆண்டுக்கொரு முறை சீறும்போது 15–17 வரை ஏறும். சென்டாரஸ் எக்ஸ்-4 அமைதியில் 18.2, 1979 சீற்றத்தில் 13-ஐத் தொட்டது. இந்த வகைக்குப் பழைய படத்தையும் புதிய படத்தையும் கழித்துப் பார்க்கும் முறை நன்றாக வேலை செய்யும்.

துணை ஒரு பி-இ வகை (வேகமாகச் சுழன்று தன்னைச் சுற்றி வாயு வட்டு கொண்ட, சூடான நீல) பெருநிறை விண்மீனாக இருந்தால் கதை வேறு. ஒளி முழுவதும் அந்த விண்மீனுடையது. சீற்றத்துக்கு முன்னும் அது அங்கேயே பளிச்சென்று இருந்தது. ஏ 0535+26-இன் துணை 9-ஆம் மேக்னிட்யூட் அளவில் எப்போதும் தெரிகிறது. 2017 அக்டோபரில் கண்டறியப்பட்ட ஸ்விஃப்ட் ஜே0243.6+6124-இன் துணை சுமார் 12.9. இவற்றில் படங்களைக் கழித்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. தேட வேண்டியது பிழை வட்டத்துக்குள் எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்பு நிறக் கோடு) உமிழ்வுள்ள நீல விண்மீனை. ஆறு நானோமீட்டர் அகல எச்-ஆல்ஃபா ஃபில்டரிலும் ஆர் ஃபில்டரிலும் மாறிமாறி எடுத்து, களத்தில் உள்ள மற்ற விண்மீன்களோடு விகிதத்தை ஒப்பிட்டாலே வலுவான உமிழ்வுள்ளது தனித்து நிற்கும்.

எந்த வகை என்று தெரியாமல் இரவு முழுக்கக் கழித்தல் படம் போட்டு "ஒன்றும் இல்லை" என்று அறிவிப்பது இந்தத் துறையில் அடிக்கடி நேரும் வீண்வேலை.

பிழை வட்டம்: எதைத் துரத்தலாம், எதற்குக் காத்திருக்கலாம்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள மேக்ஸி கருவி புதிய மூலத்தை 0.2 முதல் 0.5 டிகிரி ஆரத்துக்குள் சொல்லும். ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பேட் கருவி ஒன்று முதல் மூன்று ஆர்க்மினிட் (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு). 2024 ஜனவரியில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் ப்ரோப் செயற்கைக்கோளின் அகலக் கண்ணும் ஏறத்தாழ அதே அளவு. ஸ்விஃப்ட்டின் இன்னொரு கருவியான எக்ஸ்ஆர்டி 2 முதல் 4 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் 60-இல் ஒரு பங்கு). சந்திரா எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கி சுமார் 0.6.

இந்த வேறுபாட்டின் கனத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். பால்வழித் தளத்தில் உங்கள் படம் ஒரு சதுர ஆர்க்மினிட்டுக்கு 200 விண்மீன் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.5 ஆர்க்செகண்ட் வட்டத்துக்குள் தற்செயலாகவே சராசரி இரண்டு விண்மீன் விழும். 0.6 ஆர்க்செகண்ட் வட்டத்தில் இது 0.06. ஆகவே எக்ஸ்ஆர்டி வட்டத்துக்குள் ஒரு விண்மீன் இருப்பதே சான்றாகாது. அது பிரகாசம் மாறியிருக்க வேண்டும், அல்லது நிறமோ நிறமாலையோ பொருந்த வேண்டும். மேக்ஸி வட்டத்தில் ஆயிரக்கணக்கில் விண்மீன்கள் கிடக்கும். அங்கே தேடுவது தடையில்லை, ஆனால் தளப்பகுதியில் அந்த நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்து, எக்ஸ்ஆர்டி இடம் வரும்வரை காத்திருப்பதே மேல். தளத்திலிருந்து விலகிய, தூசி குறைந்த களமாக இருந்தால் மட்டும் உடனே இறங்கலாம்.

தூசிக் கணக்கு, பத்து நிமிடத்தில்

எக்ஸ்-கதிர் நிறமாலையை அலசுபவர்கள் ஹைட்ரஜன் தூண் அடர்த்தியை (மூலத்துக்கும் நமக்கும் இடையே ஒரு சதுர சென்டிமீட்டர் பாதையில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையை) சொல்வார்கள். அதை 2.2×10²¹-ஆல் வகுத்தால் வி பட்டையில் எத்தனை மேக்னிட்யூட் தூசி தின்னும் என்று கிடைக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10²² என்றால் வி-யில் சுமார் 4.5, ஐ பட்டையில் (அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில்) சுமார் 3. இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த அடர்த்தியில் இரட்டைக்குள்ளேயே இருக்கும் வாயுவும் சேர்ந்திருக்கலாம். அது தூசி இல்லாமல் எக்ஸ்-கதிரை மட்டும் விழுங்கும். ஆகவே அதே திசையின் எச்ஐ4பிஐ என்னும் ஹைட்ரஜன் ரேடியோ வரைபட மதிப்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறைநிறை வகைக்கு எதிர்பார்க்கும் பிரகாசத்தை வான் பாராடைஸ், மெக்கிளின்டாக் இருவரும் 1994-இல் தந்த உறவால் மதிப்பிடலாம். எக்ஸ்-கதிர் ஒளிர்வை எடிங்டன் எல்லையால் (ஒளியழுத்தம் ஈர்ப்பைச் சமன்செய்யும் ஒளிர்வால்) வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். மணிக்கணக்கிலான சுற்றுக்காலத்தின் 2/3 அடுக்கால் அதைப் பெருக்குங்கள். விடையின் பத்தடி மடக்கையை 2.27-ஆல் பெருக்கி 1.57-லிருந்து கழித்தால் தனி மேக்னிட்யூட் (10 பார்செக் தொலைவில் வைத்தால் தெரியும் பிரகாசம்).

19 மணி நேரச் சுற்றுக்காலம், எடிங்டனில் பத்தில் ஒரு பங்கு ஒளிர்வு என்றால் விடை 0.8. தொலைவு 5 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு), தூசி 1.5 மேக்னிட்யூட் என்றால் வானில் 15.8 ஆகத் தெரியும். மொட்டை மாடிக்கு எட்டும். 40 நிமிடச் சுற்றுக்காலம், நூறில் ஒரு பங்கு ஒளிர்வு, 8 கிலோபார்செக், 3 மேக்னிட்யூட் தூசி என்று மாற்றுங்கள்: 21.6. அதை 8 இன்ச்சும் காட்டாது, 14 இன்ச்சும் காட்டாது. சுற்றுக்காலம் தெரியாத புது மூலத்துக்கு 2 மணி, 20 மணி இரண்டுக்கும் கணக்குப் போட்டு இடைவெளியை வைத்துக்கொள்ளலாம்.

மொட்டை மாடி

ஓர் 8 இன்ச் ஷ்மிட்–காசிகிரேன், 0.63 குறைப்பான், 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட ஏபிஎஸ்-சி அளவுக் குளிர்விக்கும் மோனோ கேமரா, தாங்கும் ஈக்வடோரியல் மவுண்ட், கைடர், ஃபில்டர்கள் என்று கணக்கிட்டால் ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டும். களம் ஏறக்குறைய 1.05 × 0.7 டிகிரி, ஒரு பிக்சல் 0.6 ஆர்க்செகண்ட், இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்தால் 1.2. களம் தாராளம்.

சிக்கல் வானத்தின் வெளிச்சத்தில். ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு 17.5 மேக்னிட்யூட் என்று வைத்தால், ஒரு நிமிடப் படம் அறுபது சேர்த்து ஆர் ஃபில்டரில் 18 வரை நம்பி அளக்கலாம். அதற்கு மேல் தடுப்பது ஃபோட்டான் கணக்கு மட்டுமில்லை, ஃபிளாட்டின் (சீரான வெளிச்சத்தில் எடுத்து, கேமராவின் சீரின்மையைத் திருத்தும் படத்தின்) தரமும்தான்: வானொளி மலைபோல் குவியும்போது ஃபிளாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைகூட மங்கிய விண்மீனை விழுங்கிவிடும். எனவே அந்தி வானில் ஃபில்டருக்குப் பத்துப் பதினைந்து ஃபிளாட்டாவது எடுத்தாக வேண்டும். படங்களுக்கு நடுவே களத்தைச் சில பிக்சல் நகர்த்துவதையும் விடக்கூடாது.

தெருவிளக்குகள் வெள்ளை எல்இடி ஆகிவிட்டதால் அவற்றின் ஒளி பெரும்பாலும் 700 நானோமீட்டருக்குக் கீழே முடிந்துவிடுகிறது. ஸ்லோன் ஐ ஃபில்டரில் சென்சாரின் உணர்திறன் குறைந்தாலும் வானம் கறுக்கிறது, தூசியும் குறைவாகத் தின்னும். தளப்பகுதி மூலங்களுக்கு ஐ ஃபில்டரைத் தவறாமல் முயலுங்கள். நிலாக் காலத்திலும் இதுதான் கைகொடுக்கும்.

கோடை இரவில் மாடியில் 29 டிகிரி இருக்கும். கேமரா சூழலைவிட 35 டிகிரி வரைதான் இறக்கும். மைனஸ் 10 என்று அமைத்தால் குளிர்விப்பான் நூறு சதவீதத்தில் திணறி வெப்பநிலை ஆடும், டார்க் (மூடியிட்டு எடுக்கும் திருத்தப் படம்) பொருந்தாது. பூஜ்ஜியத்தில் வைத்து டார்க்கையும் பூஜ்ஜியத்தில் எடுப்பது நல்லது. கடற்காற்றின் ஈரம் முன்கண்ணாடியில் பனியாகப் படியும். டியூ ஹீட்டர் இல்லாமல் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இரண்டு மணி நேரம் தாங்காது. சென்சார் சன்னலில் உறைபனிப் புள்ளி தெரிந்தால் ஈரம் உறிஞ்சும் மாத்திரையை மாற்ற வேண்டும். முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே தூண் வரும் இடத்தில் வையுங்கள். யாராவது நடந்தாலே நடுத்தளம் அதிரும்.

இந்த அமைப்பு எதற்கு நல்லது? முதலில் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1: நிரந்தரமாக ஒளிரும் நியூட்ரான் விண்மீன் இரட்டை, 12–13 மேக்னிட்யூட். 1966-இல் ஒளியிணை உறுதியானதும் இதற்குத்தான். பிப்ரவரி முதல் மே வரை இதில் கைபழகலாம். சென்டாரஸ் எக்ஸ்-4 சென்னையில் 45 டிகிரி உயரம் வரும், மே மாதத்தில் நள்ளிரவை ஒட்டி உச்சம். ஐரோப்பியர்களுக்கு அடிவானத்தோடு போராடும் இலக்கு நமக்கு வசதியாகக் கிடைக்கிறது. குளிர்காலத்தில் ஏ 0535+26 போன்ற பி-இ இரட்டைகளின் நீண்டகால எச்-ஆல்ஃபா கண்காணிப்பு. அக்விலா எக்ஸ்-1-க்கு ஏப்ரல், மே பின்னிரவு.

அக்விலா எக்ஸ்-1-இல் ஒரு கண்ணி உண்டு. அதிலிருந்து அரை ஆர்க்செகண்டுக்குள் 19.4 மேக்னிட்யூட் விண்மீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீற்றம் தணியும்போது உங்கள் வரைபடம் 19 அருகே தட்டையாகிவிட்டால், இரட்டை நிலைத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அது அண்டை வீட்டுக்காரரின் ஒளி.

சொல்லப்போனால் நாம் அளக்கும் மேக்னிட்யூட் அளவுகோலை 1856-இல் வகுத்த போக்சன், 1861 முதல் மெட்ராஸ் வான்நோக்ககத்தில்தான் பணியாற்றினார். அவர் காலத்தில் அங்கிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறுவிண்மீனைக் கண்டறிந்தார். நுங்கம்பாக்கத்து வானம் இருண்டிருந்த நாட்கள் அவை.

ஜவ்வாது மலைப் பக்கம்

வானம் 17.5-லிருந்து 21-க்கு இருண்டால் எல்லை அதில் பாதி, அதாவது சுமார் 1.75 மேக்னிட்யூட் ஆழமாகும். அதே 8 இன்ச் 19.5-ஐத் தாண்டும். சென்னையில் இந்த லாபத்தைக் கண்ணாடியால் வாங்க வேண்டுமானால் விட்டம் ஐந்து மடங்காக வேண்டும். ஆனால் எச்சரிக்கை செவ்வாய்க்கிழமை இரவு வரும். சுமையோடு 200 கிலோமீட்டருக்கு மேல் போக ஒரு நாள் போய்விடும். காட்டுப்பகுதியில் இரவு தங்க வனத்துறை அனுமதி வேண்டும். மவுண்ட், குளிர்விப்பான், ஹீட்டர், மடிக்கணினி எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி எட்டு மணி நேரத்துக்குச் சரி.

அவசரத் துரத்தலுக்கு இது தோதுப்படாது. திட்டமிட்ட வேலைக்கு அருமை: அமாவாசையை ஒட்டிப் போய், மறுபடி சீறக்கூடிய மூலங்களின் களங்களை அமைதி நிலையில் அதே தொலைநோக்கி, அதே ஃபில்டரில் ஆழமாக எடுத்துவைப்பது. பின்னால் மாடியிலிருந்து கழிக்கும்போது இந்த ஒப்புப்படம் எந்த இணையப் படத்தையும்விட நன்றாகப் பொருந்தும்.

வாடகைத் தொலைநோக்கி: மழைக்காலத்தின் விடை

நியூட்ரான் விண்மீன் இரட்டைகள் அதிகம் குவிந்திருப்பது தனுசு, விருச்சிகத் திசையில், பால்வழி மையத்தை ஒட்டி. அந்தத் திசை நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூன், ஜூலையில். சென்னையிலும், ஜவ்வாது மலையில் வான்நோக்ககம் உள்ள காவலூரிலும் அப்போது தென்மேற்குப் பருவமேகம். அக்டோபரில் மேற்கே சாயும்போது வடகிழக்குப் பருவமழை. எஞ்சுவது பிப்ரவரி முதல் மே வரையிலான பின்னிரவுகள் மட்டுமே. எவ்வளவு பெரிய தொலைநோக்கி வாங்கினாலும் இது மாறாது. அதனால்தான் 8 இன்ச்சுக்கு மேல் போகும் பணத்தைத் தென்கோளத்தில் வாடகை நேரமாகச் செலவிடச் சொல்கிறோம்.

சாக்ஸ் ஜே1808.4-3658-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் நொடிக்கு 401 துடிப்போடு பிடிபட்ட முதல் திரள்வட்டு மில்லிசெகண்ட் பல்சார் (துணையின் பொருளை இழுத்தபடி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் நியூட்ரான் விண்மீன்). இரண்டு முதல் நாலு ஆண்டுக்கொரு முறை சீறுகிறது. சென்னையில் அதிகபட்சம் 40 டிகிரி உயரம் வரும். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் 84 டிகிரி, தலைக்கு நேர் மேலே. ஜூனில் அங்கே முழு இருட்டு தொடங்குவது நம் நேரப்படி மதியம் இரண்டு மணி சுமாருக்கு. முடிவது நள்ளிரவு ஒன்று. கல்லூரி ஆய்வக நேரத்திலேயே மாணவர்களை உட்காரவைத்துப் பார்க்கலாம். சிலியின் இருட்டு நமக்கு விடிகாலை நாலரையில் தொடங்கி மதியம் மூன்றரை வரை. இரண்டு இடத்திலும் கணக்கு வைத்திருந்தால் ஒரு மூலத்தை ஏறக்குறைய இடைவெளியில்லாமல் பின்தொடரலாம். 2 மணி நேரச் சுற்றுக்காலத்துக்கு இது பொன்.

இதே மூலத்தில் 2019-இல் ஒளி ஏற்றம் எக்ஸ்-கதிர் ஏற்றத்தை 12 நாள் முந்தியது. அப்படியானால் செயற்கைக்கோள் சொல்லும்வரை காத்திராமல் வாரத்துக்கு ஓரிரு முறை எடுத்தாலே முதலில் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. லாஸ் கும்ப்ரஸ் வலையமைப்பின் தொலைநோக்கிகளைக் கொண்டு குறைநிறை இரட்டைகளை இப்படித்தான் ஒரு குழு தொடர்ந்து கண்காணிக்கிறது.

வாடகைக்கு எடுக்கும்போது விட்டத்தைவிடப் பிக்சல் அளவைப் பாருங்கள். நெரிசல் களத்தில் ஒரு பிக்சல் ஒரு ஆர்க்செகண்டுக்கு மேல் போனால் 20 இன்ச்சாக இருந்தும் பயனில்லை. அழகுப் படத்துக்கான எல்ஆர்ஜிபி ஃபில்டர் தவிர ஸ்லோன் அல்லது ஜான்சன் ஃபில்டர் இருக்கிறதா, ஃபிளாட் எத்தனை நாள் பழையது என்பதையும் முன்பே உறுதிசெய்யுங்கள். நிலாக் காலத்தில் கட்டணம் குறைக்கும் சேவைகள் உண்டு; ஐ ஃபில்டரில் வேலை செய்பவர்களுக்கு அது நேரடி லாபம்.

காவலூர், ஹான்லே

நிறமாலை இல்லாமல் ஒளியிணை உறுதிப்படாது: குறைநிறை வகைக்கு ஹீலியம் 4686 ஆங்ஸ்ட்ராம் கோடும் 4640 அருகே போவன் திரளும் (கார்பன், நைட்ரஜன் கோடுகளின் தொகுப்பு), பி-இ வகைக்கு எச்-ஆல்ஃபா உமிழ்வும் வேண்டும். இதற்கு இரண்டு மீட்டர் வகுப்புக் கண்ணாடி தேவை. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் காவலூர் மையத்தில் 2.34 மீட்டர் வைணு பாப்புவும் 1.3 மீட்டரும், லடாக்கின் ஹான்லேயில் 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கியும் (சந்திரா விண்தொலைநோக்கி வேறு) இருக்கின்றன. விண்ணப்பம் எழுதி நேரம் வாங்க வேண்டும். எச்சரிக்கை வந்தபின் எழுதினால் சீற்றம் தணிந்துவிடும். எனவே "இத்தனை மேக்னிட்யூட்டைத் தாண்டினால் இத்தனை மணி நேரம்" என்று நிபந்தனையோடு முன்கூட்டியே கேட்கும் அவசர வகை விண்ணப்பம்தான் சரி. அனுபவமுள்ள ஆய்வாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டில் எது? டெக்ளினேஷன் மைனஸ் 37 என்றால் ஹான்லேயில் உயரம் 20 டிகிரிதான், காற்றடுக்கு 2.9 மடங்கு, நீலக் கோடுகள் அடிபடும். காவலூரில் 40 டிகிரி, 1.5 மடங்கு. ஆனால் ஜூன் மேகம் காவலூரில்தான். பிப்ரவரி முதல் மே வரை தெற்கு இலக்குக்குக் காவலூர், மழை மாதங்களில் வானநடுவரைக்கு வடக்கே உள்ளவற்றுக்கு ஹான்லே என்பது எங்கள் பரிந்துரை. படம் மட்டும் போதுமென்றால் ஹான்லேயின் 0.7 மீட்டர் தானியங்கி க்ரோத்-இந்தியா தொலைநோக்கி இத்தகைய வேலைக்கென்றே அமைந்தது.

செலவில்லாத வழி, முதலில் செய்ய வேண்டியது

எந்த வழியைத் தேர்ந்தாலும் எச்சரிக்கை வந்ததும் வானைத் தானாகப் படமெடுக்கும் அட்லஸ் தொலைநோக்கி வலையமைப்பின் பொதுப் பக்கத்தில் அந்த இடத்துக்கான கட்டாய ஒளியளவீட்டை (விண்மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்தப் புள்ளியில் அளப்பதை) கேளுங்கள். 19.5 வரை, வட தென் வானம் இரண்டும். மைனஸ் 30-க்கு வடக்கே இசட்டிஎஃப் என்னும் இன்னொரு வானளவாய்வு 20.5 வரை போகும். அட்லஸ் பிக்சல் 1.86 ஆர்க்செகண்ட் என்பதால் தளப்பகுதியில் அது சொல்லும் ஏற்றம் பக்கத்து மிரா வகை மாறுவிண்மீனுடையதாகவும் (மாதக்கணக்கில் மெல்ல ஒளி மாறும் சிவப்பு விண்மீன்) இருக்கலாம். உங்கள் கூர்மையான படம் தேவைப்படுவது அங்கேதான்.

படம் கிடைத்தபின்

இட அளவீட்டைக் காயா டிஆர்3 விண்மீன் அட்டவணையைக் கொண்டு 0.2 ஆர்க்செகண்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒப்புப்படத்துக்கு மைனஸ் 30 வரை பான்-ஸ்டார்ஸ், அதற்குத் தெற்கே ஸ்கைமேப்பர் அல்லது டீகேப்ஸ் வானளவாய்வுகளின் படங்கள். ஹாட்பேன்ட்ஸ் நிரலால் கழிக்கும்போது உங்கள் படத்தின் விண்மீன் உருவம் ஒப்புப்படத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். இது தலைகீழாக இருந்தால் வளையங்கள் தோன்றும், எங்கும் "புது விண்மீன்" முளைக்கும். நிரம்பி வழிந்த விண்மீன்களை முன்பே மறைத்துவிடுங்கள்.

தனுசு, விருச்சிகம் இரண்டும் கிரகங்கள் செல்லும் பாதையில் இருப்பதால் சிறுகோள்கள் நிறைய. அரை மணி இடைவெளியில் இரண்டு தொகுப்பு எடுத்தால் எதிர்நிலையில் உள்ள சிறுகோள் சுமார் 18 ஆர்க்செகண்ட் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓரிரவுக்குள் தணிந்தால் எம்-குள்ளனின் தெறிப்பு. சிவப்பாக இருந்து வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் மிரா. குள்ள நோவாதான் (வெண்குள்ள விண்மீனைச் சுற்றிய வட்டின் சீற்றம்) மிகவும் ஏமாற்றும். அதுவும் நீலம், அதுவும் திடீர். அதைப் பிரிக்க நிறமாலையும், எக்ஸ்-கதிர் ஒளிர்வுக்கும் கண்ணுறு ஒளிக்கும் உள்ள விகிதமும் வேண்டும்.

கணினிக் கடிகாரத்தை இணைய நேரச் சேவையான என்டிபி-யோடு இணைத்து, படத் தலைப்பில் யுடிசி நேரம்தான் பதிகிறதா என்று பாருங்கள். இந்திய நேரம் பதிந்தால் ஐந்தரை மணி நேரப் பிழை. 2 மணி நேரச் சுற்றுக்காலத்தில் கட்டம் முழுதும் குலையும்.

அறிவிப்பில் இடம், அதன் பிழை, நடு நேரம், மொத்த வெளிப்பாடு, ஃபில்டர், எந்த அட்டவணையைக் கொண்டு அளவு செய்தது, தூசித் திருத்தம் செய்ததா இல்லையா ஆகிய அனைத்தும் வர வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் "5 சிக்மாவில் ஆர் 18.2-ஐவிடப் பிரகாசமாக எதுவும் இல்லை" என்று எல்லையோடு அனுப்புங்கள் (5 சிக்மா என்றால் இரைச்சலைப்போல் ஐந்து மடங்கு). அந்த எல்லையைப் பிழை வட்டத்துக்குள்ளேயே செயற்கை விண்மீன்களைப் படத்தில் புகுத்தி மீட்டெடுத்து அளக்க வேண்டும். களத்தின் வெற்றிடத்தில் அளந்த எல்லை, நெரிசலான வட்டத்துக்குள் ஒரு மேக்னிட்யூட் வரைகூடத் தவறலாம்.